மறுமுனை பாடிய நாலு வரி

என் கணவரோடு பிறந்தவர்கள் ஆறு பேர். கடைக்குட்டி என் நாத்தனார். நான் மருமகளாக வந்து இறங்கியபோது அவள் தவழ்கிற குழந்தை. பேச்சு வந்த நாளிலிருந்து எந்தச் செய்தியும் அவள் வாயில் அரை மணி நேரம் தங்கியதில்லை. அதனால் வீட்டில் அவளுக்குத் தந்தி என்று பெயர் விழுந்தது. நகரப் பேருந்தில் நடத்துநர் வேலை கிடைத்தபோது, "இனிமே இவ சேதியைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்க வேண்டாம், ஜனங்களே ஏறி வருவாங்க" என்று என் கணவர் சிரித்தார்.

ஒரு வியாழக்கிழமை மதியம். நான் ஊறவைத்த துணியை அலசிக்கொண்டிருந்தேன். தோளில் டிக்கெட் பையோடு, காக்கிச் சட்டையோடு, மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அண்ணி! அம்மாவோட பாட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க அண்ணி!"

"யாருடி? திருடனா?"

"திருடனா இருந்தா பிடிச்சுக் கொடுத்திருப்பேனே. வாத்தியார்!"

உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, விஷயத்தைக் கேட்டேன். கல்லூரி வாத்தியார் ஒருவர் தினமும் இவள் பேருந்தில் வருகிறவர். நாட்டுப்பாடல்களைச் சேகரிப்பது அவர் வேலை. அன்று மடியில் ஒரு கட்டுத் தாளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சில்லறை கொடுக்கக் குனிந்த இவள் கண்ணில் ஒரு வரி பட்டது. 'ஆறு போல அகலமிருக்கு.' என் மாமியார் பாத்திரம் துலக்கும்போதும், தலை வாரும்போதும், கோபம் வந்தாலும் குஷி வந்தாலும் பாடுகிற பாட்டு. அதன் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது: 'இயற்றியவர் தெரியவில்லை. மிகப் பழைய ஓடத்துறைப் பாடல்.'

"நான் கேட்டேன் அண்ணி. சார், எவ்வளவு பழசு இதுன்னு. இருநூறு வருஷம் இருக்கும்மாங்கறார். எங்கம்மா செத்தே பதினோரு வருஷம்தான் சார் ஆகுது, அவங்க கட்டின பாட்டு எப்படி இருநூறு வருஷமாகும்னேன். ஜனங்க கட்டினதும்மா, ஒருத்தர் கட்டினதில்லைங்கறார்."

"நீ என்ன சொன்ன?"

"ஜனங்கன்னா யாரு சார், எங்கம்மா அதுல சேர்த்தி இல்லையான்னு கேட்டேன். பஸ்ஸே சிரிச்சுது. அதுக்குள்ள ரெண்டு ஸ்டாப்பிங்கைத் தாண்டிட்டோம். நான்தான் விசில் அடிக்க மறந்துட்டேன்."

அந்தப் பாட்டு எங்கள் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெண்கள் கை தட்டி விளையாடப் பாடுவார்கள். பாண்டு வாத்தியக்காரர்கள் ஊர்வலத்தில் வாசிப்பார்கள். எல்லோரும் எட்டு வரி பாடுவார்கள். என் மாமியார் மட்டும் நாலு வரிதான் பாடுவார். ஒரு வரி பாடிவிட்டு வாயை மூடிக்கொண்டு தோளை ஒரு வெட்டு வெட்டுவார். பிறகு அடுத்த வரி. நடுவில் ஊர் பாடுகிற நாலும் யாரோ பின்னால் சேர்த்த ஒட்டுச் சரக்கு என்பது தந்தியின் கட்சி. ஒரிஜினல் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று டெப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். யாரும் நம்பியதில்லை.

வாத்தியார் நல்ல மனிதர். அடுத்த நாளே வீட்டுக்கு வந்தார். தந்தி பாடிக் காட்டினாள். கையடக்கமான ஒரு கருவியில் பதிந்துகொண்டார்.

"பாதிப் பாட்டுதானேம்மா இருக்கு? உங்க அம்மாவுக்கு மீதி மறந்து போயிருக்கலாம்."

"எங்கம்மாவுக்கா? எந்தக் கடையில எந்த வருஷம் எந்த ஜாக்கெட்டுத் துணி எடுத்தோம்னு சொல்வாங்க."

"பாருங்க, மேகம், ஆறு, அக்கரையில நிக்கிற பொண்ணு. இது ஓடக்காரன் பாட்டு. பன்னிரண்டு பக்கம் கட்டுரையே எழுதியிருக்கேன்."

"நம்ம ஊர்ல ஆறே கிடையாதே சார்!"

"வத்திப் போயிருக்கும்."

"எங்கம்மா பாட்டுக் கட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா சார் வத்துச்சு?"

வாத்தியார் சிரித்துவிட்டார். ஆனால் தாளைத் தட்டிக் காட்டினார். புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள். அதற்குள் இந்தப் பாட்டை உங்கள் அம்மாதான் கட்டினார் என்று வெளி ஆள் யாராவது சாட்சி சொன்னால், பெயரைப் போடுவேன். இல்லாவிட்டால் 'தெரியவில்லை' என்பதே நிற்கும். ஒருமுறை அச்சேறினால் பிறகு யார் மாற்றுவது என்றார்.

அவர் போன பிறகு தந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணி, அம்மாவோட பேரு எங்கேயாவது அச்சுல வந்திருக்கா? ஒரு பத்திரிகையில, ஒரு நோட்டீஸ்ல? அவங்க செத்ததுக்குக்கூட நாம ஒண்ணும் அடிக்கலை."

வரவில்லைதான். என் மாமியாருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. பெருவிரல்தான்.

*

என் மாமியார் பிள்ளை பெறுவதற்கு நடுவே நடுவே பதினெட்டு வருஷம் வேலை பார்த்தது ஒரு சலவை ஆலையில். ஆஸ்பத்திரி, ஓட்டல், விடுதி எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் அங்கேதான் வெளுக்கும். ஆலை இன்னும் ஓடுகிறது, மடிப்பதற்கும் இப்போது இயந்திரம் வந்துவிட்டது. சனிக்கிழமை தந்தி லீவு போட்டாள். நானும் போனேன். வாத்தியாரையும் கையோடு இழுத்து வந்துவிட்டாள்.

வாசலிலேயே நீராவி வாடை. வாயில் காவலர், "பழைய ஆளுங்கன்னா பாய்லர்காரர்தான் மிச்சம். பின்னாடிக் குடியிருப்புல இருக்காரு" என்றார். எண்பது தாண்டியவர், காது மந்தம், மற்றபடி ஆள் கெட்டி. என் மாமியார் பெயரைச் சொன்னோம். தெரியாது என்று தலையை ஆட்டினார். தந்தி அவர் காதுக்குப் பக்கத்தில் போய் அந்த நாலு வரியையும் தோள் வெட்டோடு பாடினாள்.

பாய்லர்காரர் துள்ளி எழுந்துவிட்டார்.

"குருவி! குருவி பொண்ணா நீ? அதைச் சொல்றதுக்கு என்ன? பேரைச் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

குருவி! இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கே தெரியாது, என் மாமியாருக்கு இப்படி ஒரு பெயர் உண்டு என்று.

அவர் எங்களை மடிப்புக் கூடத்துக்கு அழைத்துப் போனார். நீளமான கூடம். இப்போது மூட்டைகள் அடுக்கியிருக்கிறது. தரையில் இரண்டு வரிசையாகக் கல் தேய்ந்து குழி விழுந்திருந்ததைக் காட்டினார். நாற்பது ஜோடிப் பெண்கள் எதிரெதிரே நின்று விரிப்பை மடித்த இடம் அது. ஆளுக்கு ஒரு முனை. உதற வேண்டும், நெருங்கி வர வேண்டும், கையில் கொடுக்க வேண்டும், விலக வேண்டும். ஒருத்தி அரை நொடி முந்தினாலும் விரிப்பு கோணிக்கொள்ளும். இயந்திரச் சத்தத்தில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. அதனால் ஜோடிக்கு ஒரு பாட்டு.

"அவங்கவங்க பாட்டை அவங்கவங்களே கட்டிக்குவாங்க. இந்த முனைக்காரி ஒரு வரி, அந்த முனைக்காரி ஒரு வரி. அடுத்த ஜோடியோட பாட்டை யாரும் தொடக் கூடாது. அதைவிட முக்கியம், உன் ஜோடிக்காரியோட வரியை நீ பாடக் கூடாது. அவ லீவுன்னா அந்த இடத்துல சும்மா உதறணும். பாடினா கூடமே சண்டைக்கு வந்துடும்."

வாத்தியார் தன் கருவியை அவர் வாய்க்குக் கிட்டே நீட்டினார். "அப்ப மேகம்... ஆறு..." என்றார் மெதுவாக.

"மேகமாவது மண்ணாவது! வெளுத்த பெட்ஷீட்டுப்பா!"

தந்தி நிலத்தில் நிற்கவில்லை. "கேட்டீங்களா சார்? கேட்டீங்களா? எழுதிக்குங்க!" என்று குதித்தாள். பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "இருங்க தாத்தா. ரெண்டு முனைன்னா... அம்மாவுக்கு மறுமுனை யாரு?"

"கொக்கு! கழுத்து இத்தனை நீளம். குருவிக்குத் தலை கொக்கோட இடுப்புக்கு வரும். உசரம் பார்த்துத்தான் ஜோடி போடுவாங்க, இவங்க ரெண்டு பேரும் அடம் பிடிச்சுச் சேர்ந்தாங்க. குருவிக்குக் கடைசிப் பிள்ளை வயித்துல இருந்தப்ப மேஸ்திரி அவளை உட்கார்ந்து கிழிசல் தைக்கிற வேலைக்கு மாத்திட்டாரு. கொக்குக்குப் புது ஜோடி குடுத்தாரு. புது ஆளுக்கு ஒண்ணும் பிடிபடலை, விரிப்பு கோணுது, மேஸ்திரி கத்துறாரு. கொக்கு என்ன பண்ணினா தெரியுமா? அவசரத்துல எட்டு வரியையும் தானே பாடிட்டா."

"பாடினா என்ன?"

"என்னவா? நாற்பது ஜோடியும் கையைத் தொங்க விட்டுட்டாங்க. ஓடிட்டிருந்த கூடம் நின்னுபோச்சு. தையல் மேஜையிலிருந்து குருவி எழுந்து வந்து பார்த்தா. ஒரு வார்த்தை பேசலை. போய் உட்கார்ந்துட்டா. அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் ரெண்டு பேரும் பேசலைன்னு கேள்வி. கூடத்துல ஒரு சட்டம். ஒரு வாய் மாறிப் பாடிட்டா அந்தப் பாட்டு பொதுப்பாட்டு. யார் வேணாலும் பாடலாம். ஒரே வாரத்துல நாற்பது ஜோடியும் பாடினாங்க. அவங்க பிள்ளைங்க தெருவுல பாடிச்சுங்க. அப்புறம் உங்களுக்கே தெரியுமே."

வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு நாட்டுப்பாட்டு பிறந்த நாளையே கண்ணால் பார்த்தவர் எதிரே நிற்கிறார்! "முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் கடைசிப் பிள்ளை இவள்தான் என்று நான் அவரிடம் சொன்னதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

தந்தியின் முகம் மட்டும் சுருங்கிவிட்டது. திரும்பும் வழியில் சொன்னாள், "அந்தக் கிழவருக்கு ஞாபகம் தப்பியிருக்கும் அண்ணி. முழுப் பாட்டையும் எங்கம்மாதான் கட்டியிருப்பாங்க. அந்தக் கொக்கு திருடிட்டா. வேற என்ன?"

வாத்தியார் விடவில்லை. கொக்கின் வீட்டார் யாராவது கிடைத்தால்தான் முடிவு தெரியும் என்றார். பாய்லர்காரருக்குத் தெரிந்ததெல்லாம், கொக்குக்கு ஒரே மகன், சலூன் வைத்தான் என்பதுதான். ஊரில் நூறு சலூன் இருக்கிறது.

எனக்கு எழுதப் படிக்கத்தான் வராதே ஒழிய, பார்த்த முகம் மறக்காது. அன்று முழுக்க ஓர் ஓரமாக உட்கார்ந்து உறவுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். நீளக் கழுத்து. சலூன். என் ஓரகத்தியின் தாய்மாமன் மகளைக் கட்டியவர்! ஒரு கல்யாணப் பந்தியில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தவர் நிற்கிறார் என்று நினைத்து, "உட்காருங்கண்ணா" என்று உபசரித்து அசடு வழிந்தேன். ஓரகத்திக்குப் போன் போட்டேன். "ஆமாக்கா, அவரோட அம்மா சலவை ஆலையிலதான் இருந்தாங்க. போய்ச் சேர்ந்து அஞ்சாறு வருஷம் ஆச்சு. ஏன், பெண் பார்க்கவா?" என்றாள். அவளுக்கு எல்லாமே பெண் பார்க்கத்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டம். நாங்கள் மூவரும் நுழைந்தபோது சலூன்காரர் ஒருவருக்கு முகத்தில் பாதி மழித்திருந்தார். மீதிப் பாதியில் நுரை. ஆளை வெள்ளைத் துணியால் கழுத்து வரை போர்த்தியிருந்தது.

நான் உறவைச் சொன்னேன். முகம் மலர்ந்து, "வாங்கம்மா, வாங்க, உட்காருங்க" என்றார். வாத்தியார் பாட்டைப் பற்றி ஆரம்பித்தார். கத்தி நின்றது.

"அதுவா? எங்கம்மா கட்டின பாட்டாச்சே அது. ஊர்ல எட்டு வரி பாடுறாங்க, அதெல்லாம் கலப்படம். அசல் நாலே வரிதான்."

தந்தி இடுப்பில் கை வைத்துவிட்டாள். "எந்த நாலு?"

"'மேகம் போல வெளுத்திருக்கு.' அதுல ஆரம்பிக்கும்."

"அதுதானே கலப்படம்! அசல் எங்கம்மாவோடது. 'ஆறு போல அகலமிருக்கு.'"

"நீங்க யாரும்மா?"

"குருவி மக!"

சலூன்காரர் கத்தியை மடக்கிக் கீழே வைத்தார். "ஓ. அந்த மகராசியா உங்கம்மா? எங்கம்மா நாலு தடவை சமாதானத்துக்கு நடந்தாங்களாம். கதவைக்கூடத் திறக்கலையாம்."

"பாட்டைத் திருடினவங்களுக்கு ஏன் திறக்கணும்?"

"வார்த்தையைப் பார்த்துப் பேசுங்க தங்கச்சி. யாரு திருடினது? ஒரே ஒரு நாள் அவசரத்துல பாடினாங்க. அந்தக் குறைக்காகச் சாகிற வரைக்கும் வேற வரி ஒண்ணைக்கூட வாயில எடுக்கலை. தன் வரியை மட்டும்தான் பாடுவாங்க. கேட்கறீங்களா?"

"வேண்டாம்! நான் பாடுறேன், நீங்க கேளுங்க!"

"ஐயா," என்றது நாற்காலியிலிருந்த பாதி முகம். "நுரை காயுது."

யார் கேட்டது? சலூன்காரர் நெஞ்சை நிமிர்த்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி எடுத்தார்: "மேகம் போல வெளுத்திருக்கு!" பாடிவிட்டு வழக்கப்படி வாயை மூடித் தோளை வெட்டினார். அவர் வாயை மூடியதும், விட்டால் போச்சு என்று தந்தி பாய்ந்தாள்: "ஆறு போல அகலமிருக்கு!" பாடிவிட்டு அவளும் அம்மா பழக்கிய பழக்கத்தில் வாயை மூடித் தோளை வெட்டினாள். அந்த இடைவெளியில் அவர் வரி வந்து விழுந்தது.

"காத்துல விட்டா கையில நிக்காது!"

"அக்கரையில நிக்கிறவளே!"

"வந்தேன் வந்தேன் வழியை விடு!"

"பக்கம் வந்தா பேச்சிருக்கு!"

"சொல்லடி சொல்லடி சுருக்கச் சொல்லு!"

"பாதியாக்கித் தாரேன் பத்திரம் புடி!"

ஒருவரை ஒருவர் அமுக்கத்தான் பாடினார்கள். ஆனால் ஒரு எழுத்துகூட ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை! பூட்டில் சாவி விழுந்த மாதிரி விழுந்தது. காத்திருந்தவர்கள் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார்கள். பாடிய இருவரும் மட்டும் திகைத்துப் போய் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"மறுபடி! மறுபடி!" என்று வாத்தியார் கத்தினார். எனக்கு ஒன்று தோன்றியது. பாதி முகத்துக்காரர் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை உருவி, முடியை உதறி, ஆளுக்கொரு முனை கையில் கொடுத்தேன். "இதைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுங்க."

"என் சட்டையெல்லாம் முடியாகுதேம்மா!" என்றார் அவர்.

பாடினார்கள். 'காத்துல விட்டா' என்ற இடத்தில் துணி தானாக உதறியது. 'அக்கரையில நிக்கிறவளே' என்றபோது இவள் ஒரு முனையிலும் அவர் ஒரு முனையிலும். 'வந்தேன் வந்தேன்' என்று அவர் அந்த நீளக் கழுத்தோடு நடந்து வந்தார். 'பக்கம் வந்தா பேச்சிருக்கு' என்று பாடும்போது முகத்துக்கு முகம் கிட்டே வந்துவிட்டதால் தந்தியின் குரல் தானாகத் தாழ்ந்தது. கடைசி வரியில் துணி பாதியாகி அவர் கையில் இருந்தது. கோணல் இல்லை. இருவருமே வாழ்க்கையில் அந்தக் கூடத்தில் நின்று மடித்தவர்கள் இல்லை.

சலூன்காரர் மடித்த துணியை வைத்துக்கொண்டு நின்றார். "எங்கம்மா வீட்டுல பாடுறப்ப ஏன் நடு நடுவுல சும்மா இருப்பாங்கன்னு நானும் கேட்டிருக்கேன். அங்கே இன்னொருத்தி பாடிக்கிட்டிருக்காடாம்பாங்க. எனக்குப் புரியலை."

தந்தி எட்டி அந்தத் துணியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"முடிஞ்சுதா?" என்றது பாதி முகம். "எனக்கும் ஒரு முனை பாக்கி இருக்கு."

*

அடுத்த சனிக்கிழமை அச்சகத்தில் எல்லோரும் கூடினோம். மை வாடை, தாள் கட்டுகள், ஒரு மேஜை மேல் கடைசியாகத் திருத்த வேண்டிய பக்கங்கள். வாத்தியார் தன் பன்னிரண்டு பக்க ஓடக்காரக் கட்டுரையைத் தாமே கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக மூன்று பக்கம் எழுதி வந்திருந்தார். அப்படி ஒரு சந்தோஷத்தோடு தோற்ற மனிதரை நான் பார்த்ததில்லை.

இயற்றியவர் என்ற இடம் காலியாக இருந்தது. "ரெண்டு பேரு. எதை முதல்ல போடறது?" என்று கேட்டார்.

சலூன்காரர் முந்திக்கொண்டார். "குருவியம்மா பேரையே போடுங்க. எங்கம்மா செஞ்சது தப்புதான். அதுக்கு இதாவது ஆகட்டும். தங்கச்சி, உங்களுக்குச் சம்மதம்தானே?"

தந்தி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும் அவள் மனசு. பத்து நாளாகத் தூக்கமில்லாமல் அவள் கேட்டது இதைத்தான். எங்கள் அம்மா பெயர்தான் முதலில் வரும் என்று டெப்போவில் ஓட்டுநர் முதல் காபி கொண்டுவருகிற பெண் வரை சொல்லி வைத்திருந்தாள். சரி என்று ஒரு தலையசைப்புப் போதும்.

"இல்லண்ணே," என்றாள். "பாட்டை எடுக்கிறது கொக்கம்மா. எங்கம்மா அதுக்குப் பதில் பாடுறாங்க. பேரும் அப்படியே வரணும்."

"நான் மனசாரத்தான் சொல்றேன்மா."

"தெரியுது. ஆனா முதல் வரியை விட்டுட்டு எங்கம்மாவால ஆரம்பிக்க முடியாதே. இன்னொண்ணு, அன்னிக்கு உங்கம்மா அந்தத் தப்பைப் பண்ணலேன்னா பாட்டு எங்க வீட்டுப் பாத்திரத் தொட்டியோட நின்னிருக்கும். உங்க பாதி உங்க வீட்டுல, எங்க பாதி எங்க வீட்டுல. பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க எதைப் பாடியிருக்கும்?"

சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படியும் கடைசி வரி உங்கம்மாவோடதுதான். முடிவாப் பேசறது உங்க குடும்பம்தான்னு ஊருக்கே தெரியுது" என்றார். தந்தி அவர் முழங்கையில் ஒரு குத்து விட்டாள்.

அச்சகக்காரர் பெயர்களைக் கோத்து, ஒரு தாளில் எடுத்துக் கொண்டுவந்து நீட்டினார். மை இன்னும் காயவில்லை. மேலே கொக்கு என்று கூடம் அழைத்தவரின் சொந்தப் பெயர். கீழே என் மாமியாரின் சொந்தப் பெயர். தந்தி விரலை மேலே படாமல் பிடித்து, அம்மாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். ஒரு முறை. இன்னொரு முறை. எழுத்து எங்கேயாவது விட்டுப்போயிருக்கிறதா என்று என்னையும் பார்க்கச் சொன்னாள். எனக்கு எங்கே படிக்கத் தெரியும்? பார்த்தேன். இருந்தது.

"சரியா இருக்கு," என்றாள் அச்சகக்காரரிடம். "அடிங்க."